ஆயிரத்து இருநூறு ரூபாய் வீடு

எங்கள் கடையின் பழைய நோட்டுகளை எல்லாம் கவிதா இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். கவிதா, எங்கள் அய்யாவின் மருமகள். போடியில் அய்யா வைத்திருந்த வீட்டுத் தரகுக் கடையை இன்று நடத்துவது அவள்தான். போன வாரம் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"பேச்சியத்தே, இது என்ன கூத்து? ஒரே காம்பவுண்டு, ஒரே அளவு வீடு. எல்லாம் மூவாயிரம், இது மட்டும் ஆயிரத்தி எரநூறு. கீழ செகப்பு மையில ரெண்டு கோடு வேற. கம்ப்யூட்டரு இதக் கூட்டலாம்னு காட்டுது. தப்பா எழுதிட்டீகளா?"

தப்பைத் திருத்தி எழுதியது அது. எப்படி என்று சொல்ல வாயைத் திறந்தேன், நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒருத்தர் எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அறுபத்தெட்டு வயதிலும் அப்படித்தான். "எழுதித் தர்றேன்" என்று மட்டும் சொன்னேன். சிலமலைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். எழுத்து கோணலாக இருக்கும். கவிதாவுக்கு அது பழக்கம்தான்.

ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் மாதம் எவ்வளவு வரும் என்று பார்த்துச் சொல்வதுதான் இருபத்தாறு வருடம் என் வேலை. தான் குடியிருக்க வீடு வாங்குகிறவருக்கு இது தேவைப்படாது. வாங்கி வாடகைக்கு விட்டு அதில் சாப்பிடலாம் என்று நினைப்பவருக்குத்தான் தேவை. போடியில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. ஏலக்காய் நல்ல விலைக்குப் போன வருடம் மலையிலிருந்து பணம் கீழே இறங்கும். இறங்கிய பணம் வீடாக மாறும்.

முதலில் எனக்கு அந்தக் கடையில் கூட்டுகிற சோலிதான். குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டைக் கழுவி விடுவேன். அய்யா என்று நான் சொல்வது சங்கரலிங்கம் அய்யாவை. குடை இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார். ஆனால் வெயிலுக்கும் விரிக்கமாட்டார், மழைக்கும் விரிக்கமாட்டார். குடையின் பிடியால் சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கென்றே அதை வைத்திருந்தார். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பார். வைத்தியர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பது போல இருக்கும்.

ஒருநாள் நான் ஒரு காலி வீட்டில் சன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரும் அய்யாவும் பின்னால் நின்று பேசினார்கள். எண்ணூறு ரூபாய் வாடகை வரும் என்று வீட்டுக்காரர் அடித்துச் சொன்னார். அய்யா என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, நீ குடியிருக்க வந்தா இதுக்கு என்ன குடுப்ப?"

இரண்டு ஆம்பளைகள் நிற்கும்போது எனக்கு எங்கிருந்து வாய் வரும்? சன்னல் பலகையில் இன்னும் துடைக்காத தூசி இருந்தது. அதில் விரலால் 550 என்று எழுதினேன். வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அய்யா சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் போன பிறகு, "ஏன்?" என்று ஒரே வார்த்தை கேட்டார். நான் பேசாமல் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். காலி செய்து போனவர்கள் விட்டுவிட்டுப் போன பழைய வாளியும் குடமுமாக ஒன்பது கிடந்தன. அத்தனையில் பிடித்து வைத்தார்கள் என்றால் அங்கே தண்ணீர் ஒழுங்காக வரவில்லை. வாளிக்குள் வெள்ளை வெள்ளையாக உப்பு. மேற்குச் சன்னல் இடுக்கில் கிழிந்த சேலையைத் திணித்திருந்தார்கள். ஆனி ஆடிக் காற்றில் மண் வீட்டுக்குள்ளேயே வந்து விழுந்திருக்கிறது.

நாலு மாதம் பூட்டிக் கிடந்த பிறகு அந்த வீடு ஐந்நூற்று ஐம்பதுக்குத்தான் போனது. மறுநாளே அய்யா என் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, "கூட வா" என்றார்.

கற்றுக்கொண்டதை எல்லாம் எழுதினால் நோட்டு தாங்காது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஒரு வீட்டை மூன்று நேரம் பார்க்க வேண்டும். காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரம், உச்சி வெயில், சாயந்தரம் ஆட்கள் திரும்பும் நேரம். அய்யா பக்கத்து வீட்டுக்குப் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்பார். செம்பு நிறைய வந்தால் அந்தத் தெருவில் தண்ணீர்க் கஷ்டம் இல்லை. டம்ளரில் முக்கால் வந்தால் கஷ்டம். கேன் தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தால் அந்தத் தெரு வாடகையில் இன்னும் இருநூறு முந்நூறு தாங்கும். ஒரு சாயந்தரத்தில் ஏழு வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு, "வயிறு தொட்டியாப் போச்சுத்தா" என்று படியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் வாசலில் நிற்கும்போது நான் அடுப்படிப் பக்கம் போய்விடுவேன். பெண்களிடம் "என்ன வாடகை குடுக்குறீக?" என்று கேட்கக்கூடாது. கௌரவத்துக்குக் கூட்டிச் சொல்வார்கள், இல்லாவிட்டால் கண்பட்டுவிடும் என்று குறைத்துச் சொல்வார்கள். "எனக்கு இங்கன ஒரு வீடு வேணும், எவ்வளவுக்குப் பேசலாம்?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். ஹாலில் வெளிச்சம் விழுகிறதா என்றும் நான் பார்ப்பேன். வீட்டில் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்கள் வெளிச்சத்துக்கு நூறு ரூபாய் கூடக் கொடுப்பார்கள். இது அய்யாவுக்கு நான் சொன்னது.

வருடத்துக்குப் பதினோரு மாதம்தான் அவர் கணக்கில். "ஒரு மாசம் பூட்டு குடியிருக்கும். அது வாடகை குடுக்காது" என்பார். பிறகு மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பு, வீட்டு வரி எல்லாம் கழித்து, மாதத்துக்குக் கையில் என்ன நிற்கும் என்று சொல்வோம்.

கடைக்குத் திரும்பியதும் காலண்டர் தாள் ஒன்றை இரண்டாகக் கிழிப்பார். அவர் ஒன்றில் எழுதுவார், நான் ஒன்றில். மடித்து மேசையில் வைத்துவிட்டுப் பிறகு பிரிப்போம். இரண்டும் ஒன்றாக இருந்தால் டீ வரும். வேறு வேறாக இருந்தால் வாக்குவாதம் கிடையாது, குடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்த வீட்டுக்கே போவோம். எனக்கு அந்தத் தாளைப் பிரிக்கிற நேரம்தான் பிடிக்கும். உள்ளே என்ன இருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்ளும்.

அய்யா எனக்குக் கற்றுக்கொடுத்த சந்தேகம் ஒன்றே ஒன்று. கூடுதல் வாடகையைச் சந்தேகப்படு. ஒருமுறை ஒருவர் மாடி வீட்டை விற்க வந்து, குடியிருப்பவர் ஐயாயிரம் கொடுக்கிறார் என்றார். போனோம். புருசன் பெண்டாட்டி பிள்ளை என்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். நான் அடுப்படியில் நின்று சுவரைத் தடவினேன். எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இல்லை. அம்மிக்கல் ஓரம் ஒட்டடை. அந்தப் பெண்ணிடம், "கொஞ்சம் மஞ்சப்பொடி கொடுங்கத்தா" என்று கேட்டேன். எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. விற்கிறவருடைய மச்சினன் குடும்பம். இரண்டு நாளைக்குக் கூட்டி வந்து உட்கார வைத்திருக்கிறார். அய்யா தெருவுக்கு வந்த பிறகுதான் சிரித்தார். சிரிப்பு கடைவரை நிற்கவில்லை.

இப்படிப் பழகிய கண்ணுக்கு எப்படித் தப்பியது என்பதைத்தான் இனி எழுத வேண்டும்.

அய்யாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி வீட்டில் இருந்த மாதம் அது. கடையில் நான் மட்டும். வயதான புருசனும் பெண்டாட்டியும் வந்தார்கள். அவர் பெயர் சின்னச்சாமி, அந்த அம்மா வேலம்மாள். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், மலையாளத்து ஏலத்தோட்டத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர்கள். அவருக்குக் கால் வீங்கிவிட்டது, ஏற முடியவில்லை. வேலை முடிந்தது என்றால் தோட்டத்துக்காரர் இருக்கக் கொடுத்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். தோட்டத்தில் கொடுத்த பணமும், ராசிங்காபுரத்தில் வேலம்மாளுக்குப் பங்காக வந்த நிலத்தை விற்ற பணமும் கையில் இருந்தது. ஊர்க்கோடியில், மலை ரோட்டுக்குப் பக்கத்தில் ஆறு வீடு உள்ள ஒரு காம்பவுண்டு விலைக்கு வந்திருந்தது. ஒன்றில் தாங்கள் இருந்துகொண்டு ஐந்தை வாடகைக்கு விடலாம் என்பது அவர்கள் எண்ணம்.

"மாசம் பத்தாயிரம் கிட்டினா மதி" என்றார் சின்னச்சாமி.

"மதியாம்ல மதி! தமிழ்ல சொல்லுய்யா, அந்தக்கா முழிக்குது" என்று வேலம்மாள் அவரை அதட்டினாள். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தினாள். "பத்தாயிரம் கைக்கு வந்தாப் போதும்க்கா. அரிசிக்கும் இவருக்கு மாத்திரைக்கும் ஆகிரும். மக திருப்பூர்ல இருக்கா, வா வான்னு கூப்புடுறா. மருமகன் நல்லவருதான். ஆனா அடுத்தவுக சோத்துக்கு முன்னால போயி உக்கார ஒடம்பு கூசுது. இது வரலேன்னா அங்கதான் போகணும். வேற வழி இல்ல."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். மறுநாள் காலை ஏழு மணிக்குக் குழாய்த் தண்ணீர் வரும் நேரம் பார்த்து அந்தக் காம்பவுண்டுக்குப் போனேன். மூன்றுக்கு மூன்று எதிரெதிரே ஆறு வீடு. ஒவ்வொன்றும் ஒரு அறை, ஒரு அடுப்படி. கக்கூஸ் பொது. பஸ் ஸ்டாண்டுக்கு அரை மணி நடை. வாசலுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் காலி இடம். வழக்கமாக நான் பார்க்கிற கணக்கில் வீட்டுக்கு இரண்டாயிரத்து நானூறுக்கு மேல் வராது. ஆனால் ஐந்து வீட்டில் மூவாயிரம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

கூடுதல் வாடகை. சந்தேகப்பட்டேன். அடுப்படிச் சுவரைத் தடவினேன், விரல் வழுக்குகிற அளவுக்கு எண்ணெய்ப் பிசுக்கு. அந்நேரத்துக்கு வீட்டில் இருந்தவர்கள் கிழவர்களும் பிள்ளைகளும்தான். வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் அதற்கு முன்பே மலைக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தார்கள். சாயந்தரம் மறுபடியும் போய் அந்தப் பெண்களிடம் கேட்டேன். "எங்களுக்கு இது சௌரியம்க்கா" என்றார்கள். நிஜமான ஆட்கள், நிஜமான வாடகை. ஆள் உட்கார வைத்த கூத்து இல்லை என்று தெரிந்ததும் என் மனசு நிறைந்துவிட்டது. அந்த அறுநூறு ரூபாய் எந்தச் சௌரியத்துக்கு என்று நான் கேட்கவில்லை.

ஆறாவது வீட்டில், அதாவது வாசலை ஒட்டிய முதல் வீட்டில், பாக்கியம் என்று ஒரு அம்மா. வாடகை ஆயிரத்து இருநூறு. சென்னையில் இருந்த வீட்டுக்காரரிடம் போனில் கேட்டதற்கு, "அது அப்பா காலத்து வாடகை, அப்படியே விட்டுட்டோம்" என்றார். அந்த அம்மாவிடமும் கேட்டிருக்க வேண்டும். போனேன். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நடுவாசலில் நின்று, நாளைக்கு யார் வருகிறீர்கள் என்று நாலு பேரை ஒரே நேரத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "என்னத்தா, வீட்ட அளக்க வந்தியா, எங்கள அளக்க வந்தியா? எனக்குச் சுத்தளவு கூட, டேப்பு பத்தாது!" என்றது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன்.

கடையில் காலண்டர் தாளைக் கிழித்து நான் மட்டும் எழுதினேன். வேலம்மாளிடம் இப்படிச் சொன்னேன். குறைந்த வாடகைக்காரியைக் காலி செய்யச் சொல்லி, அந்த வீட்டில் நீங்கள் இருந்துகொள்ளுங்கள். உங்களுக்கு நட்டம் ஆயிரத்து இருநூறுதான். மற்ற ஐந்தும் மூவாயிரம், பதினைந்தாயிரம். எல்லாம் கழித்துப் பன்னிரண்டாயிரம் கையில் நிற்கும். வேலம்மாள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அய்யாவிடம் போய்ச் சொன்னேன். கண்ணில் கட்டோடு இருந்தவர், "செரியாத்தான் இருக்கு" என்றார்.

வாங்கினார்கள். பாக்கியத்துக்கு ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். அது சண்டை போடவில்லை. ஒரு ஜீப்பில் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வேலம்மாள் முதல் வீட்டில் பால் காய்ச்சினாள். மலையிலிருந்து பெயிண்டு டப்பாவில் கொண்டுவந்த பூச்செடிகளை வாசல் காலி இடத்தில் வரிசையாக வைத்தாள். ஒரு ஏலச்செடியும் இருந்தது. அது போடி வெயிலுக்கு வருமா என்று கேட்டேன். "பாப்போம்க்கா, நாங்க வந்துட்டோம்ல" என்றாள்.

மூன்றாம் மாதம் அவள் கடைக்கு வந்தபோது முகம் கறுத்திருந்தது. "அக்கா, மூணு வீடு காலி. நாலாவது வீட்டுக்காரியும் அட்வான்ஸ கேக்குறா. நான் என்ன பண்ணேன்? ஒருத்தரையும் ஒரு சொல்லு சொல்லல. தண்ணி செரியில்லங்குறாக, காத்து வரலங்குறாக. அதே தண்ணிதானக்கா? மக போன்ல அழுகுறா, வந்துருங்கன்னு."

காலி வீட்டைப் பார்க்க வந்தவர்கள் பொதுக் கக்கூஸைப் பார்த்ததும் திரும்பிப் போனார்கள். ஒருவர் இரண்டாயிரம் என்று கேட்டார்.

அய்யாவிடம் போய் நின்றேன். கண் கட்டு அவிழ்த்திருந்தார்கள். நான் எழுதிய தாளைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். ஒரு திட்டுகூட இல்லை. பேனாவை வாங்கி என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினார். "கடையில இருந்து போன நம்பரு. ரெண்டு பேரு பேரும் இருக்கணும்" என்றார். பிறகு, "வாடகைக்குன்னு போர்டு மாட்டாத. ஏன் போறாகன்னு தெரியாம மாட்டுனா இன்னும் பேரு கெடும். மொதல்ல அதப் போயிப் பாரு" என்றார்.

மூன்று நேரமும் பார்த்தாகிவிட்டது. இனி எந்த நேரம் பார்ப்பது? அன்று முழுக்க அதையே யோசித்தேன். நான் ஏழு மணிக்குப் போனபோது பெண்கள் ஒருவரும் இல்லை. அப்படியென்றால் அதற்கு முந்தின நேரம் ஒன்று இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராத நேரம் என்பதால் நாங்கள் போகாத நேரம்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தக் காம்பவுண்டுக்கு எதிரே போய் நின்றேன். மீதி இருந்த இரண்டு வீட்டிலிருந்தும் பெண்கள் தூக்குவாளியோடு அரக்கப் பரக்க ஓடிவந்தார்கள். ஒருத்தி நடந்துகொண்டே தலை முடிந்தாள். நாய் குரைத்தது. நானும் பின்னாலேயே போனேன். நாலு தெரு தாண்டி ஒரு சந்து. சந்து முனையில் ஜீப்பு நின்றது. பக்கத்தில் பாக்கியம், தோளில் அதே துண்டு. "வெரசா வாங்கடி! மலை என்ன இங்க எறங்கியா வரும்?" பெயர் சொல்லிச் சொல்லி ஏற்றியது. அந்தச் சந்து வீடுகளிலிருந்து ஏறினவர்களில் மூன்று பேரை எனக்குத் தெரியும். காம்பவுண்டைக் காலி செய்து போனவர்கள். ஓடிவந்த இரண்டு பேரில் ஒருத்திதான் ஏற முடிந்தது. ஜீப்பு நிறைந்துவிட்டது. இன்னொருத்தி தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அவளுக்கு அன்றைய கூலி போனது.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பாக்கியம் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப்போகிற கங்காணி. அது எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வாசலுக்கு ஜீப்பு வரும். பெண்கள் மூவாயிரம் கொடுத்தது அந்த ஒற்றை அறைக்கு இல்லை. வாசலில் ஜீப்பு ஏறலாம் என்பதற்கு. ஐந்து வீட்டிலும் கூடுதலாக வந்த அறுநூறு, பாக்கியத்தை ஆயிரத்து இருநூறுக்கு வைத்திருந்ததால் வந்தது. கூடுதல் வாடகையைச் சந்தேகப்படத் தெரிந்த எனக்குக் குறைந்த வாடகையைக் கேள்வி கேட்கத் தெரியவில்லை.

வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நேரத்தில் ஒரு சந்தோசமும் வந்தது. அதை மறைக்கக்கூடாது. மடித்த தாளைப் பிரித்த மாதிரி இருந்தது.

அன்று சாயந்தரம் பாக்கியத்தின் புது வீட்டுக்குப் போனேன். ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"அட, அளக்குற அக்கா! இந்த வீட்டையும் அளக்க வந்தியா? ஓடிருத்தா, இன்னொரு தடவ சாமான் தூக்க எனக்கு இடுப்புல சீவன் இல்ல."

சிரிப்பு. நான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டேன். சுருக்குப்பையில் இருந்த தாளை எடுத்து, "1200 ஏன்?" என்று எழுதி நீட்டினேன்.

"எனக்கு எங்கத்தா படிக்கத் தெரியும்? ஏய் செல்வி, என்னான்னு பாரு." செல்வி என்ற பெண் சத்தமாகப் படித்தாள். பாக்கியத்தின் சிரிப்பு நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தது.

"இத அன்னைக்கே கேட்டிருக்க வேண்டியதுதான?" என்றது.

"நீங்க சத்தம் போட்டீக" என்றேன். எனக்கே கேட்காத குரல்.

"என்னா சொல்றா?"

"நீ சத்தம் போட்டியாம்க்கா, பயந்துருச்சாம்" என்றாள் செல்வி.

பாக்கியம் எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தது. செம்பு நிறைய. "பெரியவரு கட்டுன காம்பவுண்டு அது. ஊர்க்கோடி, ஒரு பய குடி வரல. என்னயக் கூப்புட்டு, நீ வா, பாதி வாடகைக்கு இரு, ஜீப்ப இங்கன திருப்பிக்கன்னாரு. ஆறு மாசத்துல அஞ்சு வீடும் நெறஞ்சிருச்சு. அவரு செத்துப் போனாரு. மகனுக்கு என்ன தெரியும்? அவருக்குச் சென்னை."

வேலம்மாள் யார், அந்தப் பணம் எது, பத்தாயிரம் எதற்கு, திருப்பூரில் என்ன என்பதை எல்லாம் அன்று நான் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நின்றபடி பேசியது அந்த ஒரு தடவைதான். தரையைப் பார்த்துத்தான் பேசினேன். கடைசியில், "அந்தம்மாவும் முப்பது வருசம் காய் எடுத்தவதான். தப்பு என்னோடது" என்றேன்.

"காய் எடுத்தவளுக்கு ஜீப்பு தெரியாதா?"

"மேல லயத்துல இருந்தவக. தோட்டம் வாசல்லயே. ஜீப்பு ஏறுனதில்ல."

பாக்கியம் காலிச் செம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. பிறகு, "இங்கயும் எனக்கு நல்லா இல்ல. ஜீப்பத் திருப்ப எடமில்ல. ரிவர்சுலயே ரோட்டுக்குப் போகணும், டிரைவரு தினம் மொனங்குறான். ஆரன் அடிச்சா இந்தச் சந்துக்காரக சண்டைக்கு வர்றாக. ஆனா ஒண்ணு, எனக்கு அந்த மொத வீடுதான் வேணும். பின்னால போயி ஒடுங்க மாட்டேன். வாசல்ல ஜீப்பு திரும்பணும். காலையில ஒரு ஆரன் அடிப்பேன்" என்றது.

மறுநாள் சாயந்தரம் மலையிலிருந்து திரும்பும்போதே ஜீப்போடு காம்பவுண்டுக்கு வந்துவிட்டது. பெண்கள் எல்லாம் உள்ளே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். வாசலில் வேலம்மாளின் பூச்செடி வரிசை. ஜீப்பு திரும்ப வழி இல்லை. டிரைவர் என்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். பாக்கியம் இறங்கிச் செடிகளைப் பார்த்தது. வேலம்மாள் பாக்கியத்தைப் பார்த்தாள். நான் சுவரோரம் நின்றேன்.

"இது என்னா, ஏலச்செடியா? இங்க வராதேத்தா."

"ரெண்டு குருத்து விட்டிருக்கு" என்றாள் வேலம்மாள்.

பாக்கியம் குனிந்து தொட்டுப் பார்த்தது. "ஆமா, விட்டிருக்கு."

அவ்வளவுதான் பேசினார்கள். வேலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் டப்பாவைத் தூக்கினாள். பாக்கியம் அடுத்ததைத் தூக்கியது. ஜீப்பிலிருந்த பெண்கள் குதித்து இறங்கி ஆளுக்கு ஒன்றாகப் பின்பக்கம் கொண்டு போனார்கள். சின்னச்சாமி மட்டும் வீங்கிய காலோடு வாசலில் உட்கார்ந்து, "பதுக்கே, பதுக்கே" என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். மெதுவாக என்று அர்த்தம். ஜீப்பு ஒரே திருப்பில் திரும்பி மலை ரோட்டைப் பார்த்து நின்றது.

வேலம்மாளும் சின்னச்சாமியும் கடைசி வீட்டுக்கு மாறினார்கள். பாக்கியம் முதல் வீட்டுக்கு வந்தது. ஒன்றரை மாதத்தில் மற்ற நாலு வீடும் நிறைந்துவிட்டது, மூவாயிரத்துக்கே. அய்யாவும் நானும் காலண்டர் தாளைக் கிழித்து மறுபடியும் எழுதினோம். பதினோரு மாதக் கணக்கில், எல்லாம் கழித்து, மாதம் பத்தாயிரத்து ஐந்நூறு. இரண்டு தாளிலும் அதுவே இருந்தது. அய்யா டீ சொல்லவில்லை. "இன்னைக்கு வேணாம்" என்றார். நோட்டில் சிவப்பு மையில் கோடு போட்டது அவர்தான்.

அதற்குப் பிறகு எந்த வரிசை வீட்டுக்குப் போனாலும், யார் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அவர்கள் வீட்டில்தான் தண்ணீர் குடிப்பேன். ஒரு இடத்தில் அந்த ஆள் மோட்டார் மெக்கானிக்காக இருந்தார். இன்னொரு இடத்தில் ஒரு காரணமும் இல்லை, வீட்டுக்காரர் மறந்துவிட்டார். எல்லாக் குறைந்த வாடகைக்கும் பின்னால் ஜீப்பு இருக்காது. ஆனால் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்கு வெகுநாளாக விளங்காமல் இருந்தது. பாக்கியத்தால்தான் மற்ற நாலு வீடும் நிற்கின்றன. சும்மாவே இருந்துகொள்கிறேன் என்று கேட்டாலும் வேலம்மாள் தந்திருப்பாள். ஏன் கேட்கவில்லை? முழங்கால் படி ஏற மறுத்து நான் வேலையை விட்ட வருடம், கேட்டேவிட்டேன். இந்தத் தடவை தாள் இல்லாமல், வாயாலேயே.

பாக்கியம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னது. "ஓசியில இருந்தா நான் அவுக வீட்டு ஆளு. ஒருநா மலைக்குப் போகலேன்னா, ஏன் ஜீப்பு வரலன்னு வீட்டுக்காரி வந்து கேப்பா. ஆயிரத்தி எரநூறு குடுத்துட்டா நான் வாடகைக்காரி. ஒடம்பு முடியலேன்னா கதவச் சாத்திட்டுப் படுத்துக்குவேன். ஒரு பய கேக்க முடியாது."

கவிதா, உன் கம்ப்யூட்டர் அந்த முதல் வீட்டை ஊர் வாடகையைவிடக் குறைவு, கூட்டலாம் என்று காட்டுகிறது என்றாய். அதைத் தொடாதே. ஆயிரத்து இருநூறு என்றே போடு. பக்கத்தில் இடம் இருந்தால், ஜீப்பு என்று எழுது.